மாடு இழுத்த வெற்றி

தென்னேரியின் பெரிய ஏரியை விட்டு வடமேற்கே போனால், காஞ்சிபுரத்துக்கு வடக்கில் இருக்கிறது புள்ளலூர். அங்கே வயல்களுக்கு நடுவே இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. ஜார்ஜ் பிரவுன், ஜேம்ஸ் ஹிஸ்லாப் என்ற ஆங்கில அதிகாரிகள் இருவர் 1781 ஆகஸ்ட் 27 அன்று இங்கே நடந்த சண்டையில் விழுந்ததன் அடையாளம் அவை. ஆனால் புள்ளலூரின் பெயரை லண்டன் வரை கொண்டுபோனது அந்தச் சண்டை அல்ல. அதற்கு ஓராண்டு முன்னால், 1780 செப்டம்பர் 10 அன்று, இதே மண்ணில் கிழக்கிந்தியக் கும்பினியின் படைப்பிரிவு ஒன்று, ஏறத்தாழ 3,700 பேர், ஒரே காலையில் இல்லாமல் போனது. அதுவரை இந்தியாவில் கும்பினி அப்படி ஓர் அடி வாங்கியதில்லை.

அடித்தது மைசூர்ப் படை. தலைமை ஹைதர் அலி. உடன் அவர் மகன் திப்பு.

புள்ளலூருக்குச் சண்டை புதிதும் அல்ல. பல்லவன் மகேந்திரவர்மன் தன் பகைவரைப் புள்ளலூரில் வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. வடக்கிலிருந்து காஞ்சிக்கு வருகிறவன் கால் வைக்க வேண்டிய இடம் அது. ஆனால் பல்லவர் படையைப் பற்றி நமக்குக் கிடைப்பது புகழ்மொழிதான். மைசூர்ப் படையைப் பற்றியோ, அதனிடம் தோற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் ஒரு சிறிய அரசு எப்படிப் படை கட்டியது, அந்தப் படையால் என்ன முடிந்தது, எங்கே அது தடுமாறியது என்று பார்க்க, நம் பக்கத்தில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

மைசூர்ப் படை என்றதும் இன்று எல்லோருக்கும் நினைவு வருவது ராக்கெட். அப்துல் கலாம் அமெரிக்காவில் பயிற்சிக்குப் போனபோது வாலப்ஸ் தீவில் நாசா மையத்தின் வரவேற்பறையில் ஓர் ஓவியத்தைப் பார்த்ததையும், அதில் ராக்கெட் ஏவுகிறவர்கள் திப்புவின் வீரர்கள் என்று அறிந்து பெருமைப்பட்டதையும் 'அக்கினிச் சிறகுகள்' படித்தவர்கள் அறிவார்கள். பெருமை நியாயமானதே. ஆனால் புள்ளலூர் வெற்றியை ராக்கெட்டின் கணக்கில் எழுதிவிட்டால் மைசூரை நாம் பாதிதான் புரிந்துகொண்டவர்கள் ஆவோம். அந்தப் படையின் பலம் அதைவிடச் சாதாரணமான, பளபளப்பில்லாத விஷயங்களில் இருந்தது: மாதச் சம்பளம், ஒற்றர், மாடு.

கதை நம் திண்டுக்கல்லில் தொடங்குகிறது. கோலார்ப் பக்கம் பூதிக்கோட்டையில் பிறந்த ஹைதர், 1749இல் தேவனஹள்ளி முற்றுகையில் கண்ணில் பட்டு மேலே வந்தவர். 1755இல் மைசூர் அரசு அவரைத் திண்டுக்கல்லின் பௌஜ்தார் என்ற படை அதிகாரி ஆக்கியது. பழனி, விருப்பாட்சி பாளையக்காரர்களை அடக்குவது வேலை. பிரெஞ்சுக்காரர்களைக் கூலிக்கு அமர்த்திப் பீரங்கிப் பட்டறையும் ஆயுதச் சாலையும் அவர் முதலில் வைத்தது திண்டுக்கல்லில்தான். அரண்மனைக்குத் தெரியாமல் தனக்கென ஒரு படையை வளர்த்ததும் அங்கேதான்.

எப்படி வளர்த்தார்? மைசூர் வரலாற்றை விரிவாக எழுதிய மார்க் வில்க்ஸ் ஒரு சம்பவம் சொல்கிறார். பாளையக்காரர்களோடு நடந்த சண்டைக்குப் பிறகு, காயம்பட்ட வீரர்களுக்குக் குணமாகும் வரை படி கொடுக்க அரசு ஒப்புக்கொண்டது. உண்மையில் காயம்பட்டவர் 67 பேர். கணக்கெடுக்க அதிகாரி வந்தபோது, மஞ்சள் தோய்த்த துணியைக் கையிலும் காலிலும் சுற்றிக்கொண்டு சுமார் 700 பேர் படுத்துக் கிடந்தார்கள். அதிகாரி கட்டுகளை எண்ணினார், அவிழ்த்துப் பார்க்கவில்லை. அரசு தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தது. ஹைதர் நிஜமாகக் காயம்பட்டவர்களுக்கு ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு மீதியை இன்னும் ஆட்கள் சேர்க்கப் பயன்படுத்தினார்.

வில்க்ஸ் ஆங்கிலேயர், ஹைதரைப் பிடிக்காதவர். கதையில் கொஞ்சம் மசாலா இருக்கலாம். ஆனாலும் அது காட்டும் மனிதர் மற்ற சான்றுகளிலும் தெரிகிறார். படை என்பது முதலில் கணக்குப் புத்தகம் என்று ஹைதருக்குத் தெரிந்திருந்தது. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் போடக் கற்றுக்கொண்டு, அதையும் தலைகீழாகப் போடுவார் என்று வில்க்ஸ் எழுதுகிறார். ஆனால் தமிழ், கன்னடம், தெலுங்கு, மராத்தி, இந்துஸ்தானி என்று ஐந்து மொழி சரளமாகப் பேசுவார். யார் எங்கே என்ன சம்பளத்தில் இருக்கிறார் என்பது அவர் நினைவில் இருந்தது. 1761இல், தன்னை ஒழிக்கப் பார்த்த திவான் கண்டேராவைச் சிறையிட்டு, உடையார் மன்னரைப் பெயருக்கு வைத்துக்கொண்டு, மைசூரின் உண்மையான தலைவர் ஆனார்.

அவர் கட்டிய படைக்குப் பல அடுக்குகள். நடுவில் ஐரோப்பிய முறையில் துப்பாக்கிப் பயிற்சி பெற்ற காலாட்படை. ரிசாலா என்ற பிரிவுகளாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிசால்தார். அடுத்து குதிரைப்படை. இதில் இரு வகை. அரசாங்கமே குதிரை கொடுத்து, சம்பளமும் கொடுத்து வைத்திருந்த குதிரை வீரர்கள் ஒரு வகை. சொந்தக் குதிரையோடு வந்து கூலி பேசிச் சேரும் சிலேதார்கள் இன்னொரு வகை. சொந்தக் குதிரைக்காரனுக்கு ஒரு சங்கடம் உண்டு: குதிரை செத்தால் பிழைப்பு போயிற்று. அதனால் நெருக்கடியான தாக்குதலில் அவன் தயங்குவான். அரசுக் குதிரைக்காரனுக்கு அந்தக் கவலை இல்லை. அதனால்தான் சிலேதாரை மட்டும் நம்பாமல் அரசுக் குதிரைக்கு ஹைதர் பணம் கொட்டினார்.

இவற்றுக்கு வெளியே லூட்டிகள் என்று ஆங்கிலேயர் திட்டிய இலகு குதிரைப்படை. எதிரியின் முகாமைச் சுற்றி வளைத்து, தீவனம் தேடப் போகிறவனைப் பிடித்து, தபாலை மறித்து, வழியில் உள்ள வைக்கோற்போரைக் கொளுத்துவது அவர்கள் வேலை. ஊர்க்கோட்டைகளைக் காக்கக் கந்தாசாரப் படை. இவற்றோடு பீரங்கிப் பிரிவு, ராக்கெட்காரர்கள், லாலே என்ற பிரெஞ்சு அதிகாரியின் கீழ் ஒரு சிறு ஐரோப்பியப் பிரிவு.

ஆங்கிலேயர் கவனித்து எழுதிய ஒரு வேறுபாடு உண்டு. அக்காலத்து இந்திய அரசர் பலரின் படை ஜாகீர்தார்களிடமிருந்து வந்தது. இத்தனை ஊர் உனக்கு, அதற்குப் பதில் இத்தனை குதிரை கொண்டு வா என்பது ஏற்பாடு. வீரனின் விசுவாசம் ஜாகீர்தாரிடம் இருக்கும், அரசனிடம் இருக்காது. ஹைதர் இதை முடிந்தவரை ஒழித்தார். கஜானாவிலிருந்து நேரே சம்பளம். மேலே ஒரே ஒரு தலைமை. பிறப்பைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துப் பதவி. தவறு செய்தால் கசையடி. அவர் கையில் மகன் திப்புவே அடி வாங்கியிருக்கிறார்.

இனி மாடு. பீரங்கியை மாடுதான் இழுக்க வேண்டும். மாடு கிடைக்காவிட்டால் பீரங்கி வெறும் இரும்பு. மைசூர் அரசுக்கு இதில் ஒரு பழைய சொத்து இருந்தது. சிக்கதேவராய உடையார் காலத்திலேயே, 17ஆம் நூற்றாண்டின் கடைசியில், அரண்மனைக்குப் பால் வெண்ணெய் கொடுக்க 'பெண்ணெ சாவடி' என்று ஒரு மாட்டுத் துறை நடந்தது. ஹைதர் அந்த மந்தையைப் பெருக்கிப் பீரங்கி வண்டிக்குத் திருப்பினார். வேகமாக நடக்கக்கூடிய, நீளக் கொம்பும் ஒடுங்கிய உடம்பும் கொண்ட காளைகள். பிற்காலத்தில் திப்பு அதற்கு அமிர்த மகால் என்று பெயர் வைத்தார். 1781இல் சிதம்பரத்தைக் காக்க ஹைதர் இரண்டரை நாளில் நூறு மைல், அதாவது சுமார் 160 கிலோமீட்டர், தன் படையை நடத்தியதற்கு இந்த மாடுகளே காரணம் என்று மைசூர் அரசிதழ்கள் எழுதுகின்றன. அந்தக் காலத்துப் படைக்கு இது நம்ப முடியாத வேகம்.

கும்பினிக்கு இப்படி ஒரு மந்தை கிடையாது. தேவைப்படும்போது குத்தகைக்காரரிடமும் ஆற்காட்டு நவாபின் ஆட்களிடமும் மாடு கேட்கும். அவர்கள் கொடுத்தால் உண்டு.

1780 ஜூலையில் ஹைதர் செங்கம் கணவாய் வழியாகக் கர்நாடகச் சமவெளிக்குள், அதாவது நம் தொண்டை நாட்டுக்குள் இறங்கினார். எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் என்று ஆங்கிலேயர் கணித்தார்கள். காரணங்கள் பழையவை. 1769இல் ஹைதர் சென்னையின் வாசல் வரை வந்து உடன்படிக்கை போட வைத்தார். ஒருவருக்கு ஆபத்து என்றால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. பிறகு மராத்தியர் மைசூரைச் சூறையாடியபோது கும்பினி திரும்பிப் பார்க்கவில்லை. 1779இல், பிரெஞ்சுக்காரரின் மாஹே துறைமுகத்தைப் பிடித்தது. ஹைதருக்கு வெளிநாட்டு ஆயுதம் வந்துகொண்டிருந்த வழி அது.

அப்போது சென்னை நிர்வாகம் இருந்த நிலை கேலிக்குரியது. கவர்னர் ரம்போல்டு சில மாதங்களுக்கு முன்பு ஊருக்குக் கப்பல் ஏறியிருந்தார். ஒயிட்ஹில் பொறுப்பில் இருந்தார். எல்லைக்குள் அவ்வளவு பெரிய படை வரும்வரை ஆயத்தமே இல்லை. தளபதி சர் ஹெக்டர் மன்றோ 1764 பக்சார் சண்டையில் வென்றவர், பெயர் பெரியது. படைகளைக் காஞ்சிபுரத்தில் ஒன்றுசேர்க்கலாம் என்றார் அவர். சென்னைக்கு அருகிலேயே ஒன்றுசேர்ப்பது பாதுகாப்பு என்று மெக்லியட் பிரபு என்ற படை அதிகாரி வாதிட்டார். கருத்து வேறுபாடு முற்றி, மன்றோ தானே தலைமையேற்று பரங்கிமலையிலிருந்து கிளம்பினார். ஆகஸ்ட் 29 அன்று ஐயாயிரத்துச் சொச்சம் ஆட்களோடு காஞ்சிபுரம் வந்து சேர்ந்தார். கையில் சில நாள் அரிசி. மீதியை ஆற்காட்டு நவாப் முகமது அலியின் ஆட்கள் தருவார்கள் என்று நம்பிக்கை. அவர்கள் தரவில்லை.

வடக்கே குண்டூர்ப் பக்கம் இருந்த கர்னல் வில்லியம் பெய்லி 2,800 பேரோடு காஞ்சிக்கு வந்து சேர வேண்டும். ஆகஸ்ட் 25 அன்று கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வந்தார். ஆற்றில் தண்ணீர் இல்லை. பொழுது சாய்கிறது, நாளைக் காலையில் தாண்டலாம் என்று வடகரையிலேயே முகாம் போட்டார். இரவில் வெள்ளம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு செப்டம்பர் முதல் வாரம் வரை அவரால் ஆற்றைத் தாண்ட முடியவில்லை. நம் ஊர் ஆறுகளை அறிந்த எவரும் அன்று மாலையே மறுகரைக்குப் போயிருப்பார்கள்.

இந்த இடைவெளி ஹைதருக்குப் போதும். ஆற்காட்டு முற்றுகையை நிறுத்திவிட்டு, காஞ்சிக்கு மேற்கே முசரவாக்கத்துக்குப் பக்கத்தில் வந்து மன்றோவின் எதிரே உட்கார்ந்தார். அவரை நகரவிடாமல் பிடித்துக்கொண்டு, திப்புவைப் பெய்லியின் மேல் அனுப்பினார். திப்புவுக்கு அப்போது வயது 29. செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்துக்கு அருகில் திப்பு தாக்கினார். பெய்லி அதைச் சமாளித்துவிட்டார். ஆனால் இனி நகர முடியாது, நீங்கள் வாருங்கள் என்று மன்றோவுக்கு எழுதினார். இருவருக்கும் இடையே பதினான்கு மைல். அது சாதாரண நடைக்கு ஒரு நாள் வழி.

மன்றோ முழுப் படையோடு போயிருக்கலாம். போகவில்லை. அரிசியும் சரக்கும் காஞ்சிக் கோயில் மதிலுக்குள் இருந்தன. அவற்றை விட்டுப் போக மனம் வரவில்லை. தன்னிடமிருந்த சிறந்த வீரர்களில் ஆயிரம் பேரைப் பிரித்து கர்னல் பிளெட்சரோடு இரவில் அனுப்பினார். இங்கேதான் ஹைதரின் ஒற்றர் பலம் தெரிகிறது. பிளெட்சருக்கு வழிகாட்டியவர்கள் ஹைதரிடம் காசு வாங்கியவர்கள். பிளெட்சர் சந்தேகப்பட்டு வழியை மாற்றிச் சுற்றிப் போனதால் தப்பிப் பெய்லியிடம் சேர்ந்தார். மன்றோவின் முகாமில் என்ன நடக்கிறது என்பது ஹைதருக்கு அன்றன்றே தெரிந்தது. சில மைல் தள்ளி ஹைதர் என்ன செய்கிறார் என்பது மன்றோவுக்குத் தெரியவில்லை.

மன்றோ செய்ததைப் போர்க்கலைப் பள்ளிகளில் தவறுக்கு உதாரணமாகச் சொல்லலாம். இரண்டாகக் கிடந்த படையை மூன்றாக்கி, பிறகு மறுபடி இரண்டாக்கினார். இருந்த இரண்டில் எதுவும் தனித்து நிற்கும் அளவுக்குப் பெரியதாக இல்லை.

செப்டம்பர் 9 இரவு பெய்லி புறப்பட்டார். நடுவழியில், விடியட்டும் என்று நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. உடனிருந்த அதிகாரிகளுக்கே புரியவில்லை. அந்தச் சில மணி நேரத்தில் திப்பு தன் பீரங்கிகளை வழியின் இருபுறமும் நிறுத்திவிட்டார். மாடுகள் தம் வேலையைச் செய்துவிட்டன. விடிந்து பெய்லி நகர்ந்தபோது புள்ளலூரில் முன்னும் பக்கமும் குண்டு வந்தது. மன்றோ காஞ்சியை விட்டு அசையவில்லை என்று உறுதிசெய்துகொண்ட ஹைதர், தன் பெரும்படையையும் திருப்பிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

பெய்லியின் ஆட்கள் சதுரமாக அணிவகுத்து நின்றார்கள். சிப்பாய்களில் பலர் நம் பக்கத்துத் தமிழரும் தெலுங்கரும். மைசூர்க் குதிரைப்படை பதின்மூன்று முறை மோதியது என்றும், ஒவ்வொரு முறையும் திரும்ப நேர்ந்தது என்றும் ஆங்கிலக் குறிப்புகள் சொல்கின்றன. பிறகு பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. ராக்கெட் பட்டு வெடித்தது என்பர் சிலர். பீரங்கிக் குண்டு என்பர் வேறு சிலர். எதுவானாலும் சதுரம் உடைந்தது, பீரங்கிகள் ஓய்ந்தன. பெய்லி கைக்குட்டையைக் காட்டிச் சரணடைந்தார். 86 ஐரோப்பிய அதிகாரிகளில் 36 பேர் அன்றும் அந்தக் காயத்தாலும் இறந்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் கைதிகள். பிளெட்சர் களத்திலேயே போனார். பெய்லி 1782 நவம்பரில் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்தார். கைதிகளில் ஒருவர் டேவிட் பெயர்டு என்ற இளம் கேப்டன். ஏறக்குறைய நான்கு ஆண்டு சிறையில் இருந்தவர், 1799இல் அதே ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையின் மேல் ஏறிய படைக்குத் தலைமை தாங்கினார்.

பீரங்கிச் சத்தம் கேட்டு மன்றோ கிளம்பினார்தான். வழியில், ஓடிவந்த காயம்பட்ட சிப்பாய்கள் முடிந்துபோனதைச் சொன்னார்கள். காஞ்சிக்குத் திரும்பி, கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு ஓடினார். இழுக்க மாடில்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சிறிய அரசு பெரிய ஏகாதிபத்தியத்தை வென்றது என்று இந்த நாளைப் பேசுவது வழக்கம். அன்று புள்ளலூர்க் களத்தில் எண்ணிக்கையில் பெரியவர் ஹைதர்தான். பெய்லியைவிடப் பல மடங்கு. ஆனால் அந்தப் பல மடங்கை, வேண்டிய நாளில், வேண்டிய வயலில் கொண்டுவந்து நிறுத்தியதே படைத்தலைமை. மன்றோ, பெய்லி இருவர் படையையும் கூட்டினால் ஏறத்தாழ எட்டாயிரம் பேர். அவர்கள் ஒரு நாள்கூட ஒரே இடத்தில் நிற்கவில்லை.

அந்த வெற்றியின் செய்தி கடல் தாண்டியது. பிரிட்டனோடு போரிட்டுக்கொண்டிருந்த அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் போர்க்கப்பல் ஒன்றுக்கு 'ஹைதர் அலி' என்று பெயர். 1782 ஏப்ரலில் அந்தக் கப்பல் 'ஜெனரல் மங்க்' என்ற பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தது.

ராக்கெட்டுக்கு வருவோம். மைசூர் ராக்கெட்டின் சிறப்பு அதன் இரும்புக் குழாய். பிற இடங்களில் அட்டையிலும் மூங்கிலிலும் மருந்தை அடைத்தார்கள். இரும்பு என்றால் உள்ளே அதிக அழுத்தம் தாங்கும். அதனால் தொலைவு கூடும். ஒரு கிலோமீட்டர் அளவுக்குப் போயிருக்கின்றன. குழாயோடு நீண்ட மூங்கிலையோ வாளையோ சேர்த்துக் கட்டினார்கள். குறி தப்பும்; ஆனால் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் ஏவினால் குதிரைகள் மிரளும், அணி கலையும். 2018இல் கர்நாடகத்தின் ஷிவமொகா மாவட்டத்தில் நகரா என்ற ஊரில் ஒரு பாழடைந்த கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராக்கெட் குழாய்கள் கிடைத்தன. 1799க்குப் பிறகு இங்கிலாந்து போன மாதிரிகளைப் பார்த்து வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டைச் செய்தார். 1807இல் கோபன்ஹேகனை எரித்த குண்டுவீச்சில் அதுவும் பயன்பட்டது. ஆயுதம் பெரிய ஆயுதமே. ஆனால் அது சண்டையில் பயமுறுத்தும். படையைச் சோறு போட்டு நகர்த்தாது.

மைசூர்ப் படையால் முடியாதவையும் உண்டு. கோட்டைச் சண்டையில் அது மெதுவானது. வந்தவாசியை லெப்டினென்ட் பிளின்ட் ஒரு சிறு காவல் படையை வைத்துக்கொண்டு 1780இலிருந்து 1783 வரை விடாமல் காத்தார். நேருக்கு நேர் வெட்டவெளியில் கும்பினிக் காலாட்படை அசையாமல் நின்றால் மைசூர்க்காரர்கள் விலகிப்போவார்கள். வங்காளத்திலிருந்து வாரன் ஹேஸ்டிங்ஸ் அனுப்பிய கிழவர் அயர் கூட் 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஹைதரைத் தோற்கடித்தார். ஆகஸ்ட் 27 அன்று அதே புள்ளலூரில் மோதினார். அங்கே கிடந்தவை பெய்லியின் ஆட்களின் எலும்புகள். செப்டம்பரில் சோளிங்கரில் மறுபடி வென்றார். ஆனால் ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னும் கூட் செய்ததென்ன? அரிசி தேடிக் கடற்கரைக்குத் திரும்பினார். துரத்திப் போக மாடும் இல்லை, தானியமும் இல்லை. மூன்று சண்டை தோற்ற ஹைதர் உள்நாடு முழுவதையும் கையில் வைத்திருந்தார். கும்பினியைக் காப்பாற்றியது கடல். ஹைதருக்கென்று இருந்த கப்பல்களை 1780 டிசம்பரில் மங்களூரில் அட்மிரல் ஹியூஸ் அழித்துவிட்டார். அதன் பிறகு கடலில் அவருக்குப் பிரெஞ்சுக்காரர்களே கதி.

ஒரு படையின் அமைப்பு உறுதியானதா என்பது தலைவர் சாகும் நாளில் தெரியும். ஹைதர் 1782 டிசம்பர் 7 அன்று சித்தூருக்கு அருகில் நரசிங்கராயன்பேட்டை முகாமில் இறந்தார். முதுகில் வந்த கட்டி. திப்பு அப்போது மலபார்க் கரையில், நூற்றுக்கணக்கான மைல் தள்ளி. எதிரே கும்பினிப் படை. வேறெந்த அரசிலும் அன்று இரவே படை சிதறியிருக்கும். தளபதிகள் ஆளுக்கொரு வாரிசைப் பிடித்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். மைசூரில் பூர்ணையா, கிருஷ்ணராவ் என்ற இரு அமைச்சர்கள் சாவை மறைத்தார்கள். உடலை வாசனைப் பொருள் நிரப்பிய பெட்டியில் வைத்து, கஜானா போவதுபோல் காவலோடு கோலாருக்கு அனுப்பினார்கள். ஹைதர் நலமில்லாமல் கூடாரத்துக்குள் இருப்பதாகவே தினசரி அலுவல் நடந்தது. இரண்டாம் மகனை முன்னிறுத்த நடந்த ஒரு சதியையும் கண்டுபிடித்து அடக்கினார்கள். திப்பு விரைந்து வந்து சேரும்வரை படை கலையவில்லை. கும்பினியின் தளபதிகளோ இதைப் பயன்படுத்தாமல் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

திப்பு படையை மேலும் ஒழுங்காக்கினார். ஜவுக், ரிசாலா, குஷூன், கச்சேரி என்று கீழிருந்து மேலாக அடுக்கு. குஷூனுக்குத் தலைவர் சிபாதார், கச்சேரிக்குப் பக்ஷி. ஒவ்வொரு குஷூனுக்கும் சொந்தமாக ராக்கெட்காரர்கள். பயிற்சிக்கும் கட்டளைக்கும் பாரசீகத்தில் 'பத்உல் முஜாஹிதீன்' என்ற கையேடு. புலிவரிபோல் அச்சிட்ட சீருடை. எல்லாம் கண்ணுக்கு அழகு. ஆனால் காலாட்படையையும் பீரங்கியையும் கூட்டிய அளவுக்குக் குதிரைப்படையைக் குறைத்துவிட்டார். தந்தையின் பலமே எதிரியின் சோற்றை மறிக்கும் அந்தக் குதிரைதான். கும்பினியின் ஆட்டத்தைக் கும்பினியைவிட நன்றாக ஆடப் பார்த்ததே திப்புவின் தவறு என்பது இந்தப் போர்களைப் படிக்கும் எவருக்கும் தோன்றும்.

அப்படியும் 1791 மே மாதம் கும்பினிப் படையோடு காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் எதிரே வந்து நின்றபோது, அவரை விரட்டியது திப்புவின் துப்பாக்கி அல்ல. தீவனமில்லாமல், நோய் வந்து, மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்தன. கோட்டையை உடைக்கக் கொண்டுவந்த பெரிய பீரங்கிகளைக் காரன்வாலிஸ் தானே வெடிவைத்து அழித்துவிட்டுத் திரும்பினார். அடுத்த ஆண்டு அவர் வந்தபோது, பொதிமாட்டு லம்பாடிகள் தானியம் சுமந்து கூடவே வந்தார்கள். மராத்தியரும் நிஜாமும் துணை நின்றார்கள். திப்பு பாதி நாட்டை இழந்தார். ஹைதர் தன் முதல் படையைக் கட்டிய திண்டுக்கல்லும் அதில் போயிற்று.

மைசூர்ப் படையைப் புகழும்போது மறக்கக்கூடாதவர்கள் அதன் பாதையில் இருந்த ஊர்க்காரர்கள். எதிரிக்குச் சோறு கிடைக்கக்கூடாது என்றால், முதலில் உழவனுக்குச் சோறு கிடைக்காது. சென்னையைச் சுற்றிய ஊர்களை ஹைதரின் குதிரைகள் திட்டமிட்டுக் கொளுத்தின. தொண்டை நாட்டு ஏரிகள் கரை உடைந்தும் கவனிப்பாரின்றியும் கிடந்தன. நெசவாளர்களும் உழவர்களும் சென்னைக்குள் ஓடினார்கள். பின்னாலேயே பஞ்சம் வந்தது. பல கோயில்களின் தல வரலாற்றில் ஐதர் கலாபம் என்று இந்தக் காலம் இன்றும் பேசப்படுகிறது. சிலைகளை மண்ணில் புதைத்த கதை, உற்சவம் நின்ற கதை, ஊரே காலியான கதை. 1794இல் லயனல் பிளேஸ் செங்கல்பட்டு ஜாகீரின் கலெக்டராக வந்தபோதும் அவருடைய பெரிய வேலை உடைந்த ஏரிகளைச் சரிசெய்வதாகவே இருந்தது. தென்னேரிபோல் ஏரியையே நம்பியிருக்கும் ஊருக்கு, ஒரு கரை உடைந்தால் அது பல ஆண்டுச் சாப்பாடு. இந்தக் கணக்கை எந்தத் தளபதியின் பெயரில் எழுதினாலும் அது குறையாது.

வெற்றியை மைசூர் கொண்டாடிய விதம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. 1784இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவர் முழுவதும் புள்ளலூர்ச் சண்டைதான். பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடிக்கும் பெய்லி, வெடிக்கும் மருந்து வண்டி, தொலைநோக்கியோடு லாலே, பூவை முகர்ந்தபடி அமைதியாகத் திப்பு. இந்த ஓவியத்தின் பழைய தாள் பிரதி ஒன்று 2022 மார்ச்சில் லண்டனில் 6,30,000 பவுண்டுக்கு ஏலம் போனது. காஞ்சிபுரத்திலிருந்து பட்டு எடுத்துக்கொண்டு மைசூர்ப் பக்கம் போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கி அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வரலாம். நம் ஊர் வயல்தான் அதில் இருக்கிறது.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. அதன் பிறகு அமிர்த மகால் மந்தை மைசூர் அரசின் பராமரிப்பில் விடப்பட்டு, கும்பினிப் படைக்குக் காளை கொடுத்து வந்தது. மந்தை சீர்கெடுவதைக் கண்ட கும்பினி, 1813இல் அதை நேரடியாகத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அந்த இனம் இன்னும் அழியவில்லை. கர்நாடகத்தின் அஜ்ஜம்புராவில் உள்ள அமிர்த மகால் பண்ணையில் அரசே அதை வளர்த்துவருகிறது.